தாய்க்கு ஒரு வரிசை, சேய்க்கு ஒரு வரிசை எதற்கு? ஒருங்கிணைந்த தாய்சேய் மருத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வாரக் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஓர் அம்மா வருகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள். குழந்தையைத் தூக்கி வந்தவரிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. அவருக்குத் தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை. பத்து நாளாகக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. கர்ப்பத்தில் ஏறியிருந்த சர்க்கரை இறங்கிவிட்டதா என்று இதுவரை பரிசோதிக்கவில்லை. ஆனால் அன்றைய வரிசை குழந்தைக்கான வரிசை.

தாய், பச்சிளங்குழந்தை, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஆகியோருக்கான மருத்துவக் கவனிப்பை ஒன்றோடொன்று இணைப்பது பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. இவை பொதுவான விளக்கங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவரையோ செவிலியரையோ நேரில் பாருங்கள்.

ஒருங்கிணைந்த கவனிப்பு என்றால் என்ன?

கர்ப்பத்துக்கு முன்பு, கர்ப்பகாலம், பிரசவம், பேறுகாலத்துக்குப் பிந்தைய வாரங்கள், குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகள் என்று இந்தப் பாதை ஒரே நீளமாகப் போகிறது. அந்தப் பாதையில் நடக்கும் குடும்பமும் ஒன்றுதான். ஆனால் மருத்துவ அமைப்பு அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பிரிவிடம் கொடுத்திருக்கிறது. வெட்டிய இடங்களைத் தைப்பதுதான் ஒருங்கிணைப்பு.

நடைமுறையில் இது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு கட்டத்தில் தெரிந்த தகவல் அடுத்த கட்டத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு, தாயும் சேயும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும்போது இருவரையும் பார்க்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம் போலத் தோன்றும். உயிர்கள் போவது பெரும்பாலும் இந்த இரண்டும் நடக்காத இடங்களில்தான்.

மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், தடுப்பூசி மையம் எல்லாம் ஏற்கனவே இருக்கிறதே. பிறகு என்ன குறை?

ஒவ்வொன்றும் தனியாக நன்றாகவே நடக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில்தான் ஆபத்து.

ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023ல் உலகம் முழுவதும் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 48 லட்சம். அவர்களில் 23 லட்சம் பேர் பிறந்த முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள். பச்சிளங்குழந்தை மரணங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது. தாய்க்கும் பிரசவ நேரமும் அதை அடுத்த சில நாட்களும்தான் மிக ஆபத்தானவை.

இப்போது அந்த முதல் வாரத்தில் யார் பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள். மகப்பேறு மருத்துவரின் வேலை பிரசவத்தோடு முடிந்ததாகக் கருதப்படுகிறது. குழந்தை மருத்துவரை நோய் வந்தால்தான் பார்க்கிறோம். தடுப்பூசி மையத்துக்குப் போவதோ ஆறாவது வாரத்தில். மிக ஆபத்தான நாட்களில்தான் மிகக் குறைவான கண்கள் தாய், சேய் மேல் இருக்கின்றன.

இவை ஏன் இப்படிப் பிரிந்து போயின?

யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் யுனிசெஃப் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிராண்ட் குழந்தைகளின் உயிர்காக்கும் பெரிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். வளர்ச்சியைக் கண்காணிப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்ற நான்கும் அதன் தூண்கள். கோடிக்கணக்கான குழந்தைகளை அது காப்பாற்றியது. ஆனால் அந்த நான்கிலும் தாய் குழந்தைக்குப் பாலூட்டுபவராக, குழந்தையைத் தூக்கி வருபவராக மட்டுமே இருந்தார்.

1985ல் ஆலன் ரோசன்ஃபீல்டு, டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் அதைச் சுட்டிக்காட்டினார்கள். 'தாய்சேய் நலம்' என்கிறோமே, இதில் தாய் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்குப் பின் 1987ல் நைரோபியில் கூடிய மாநாட்டிலிருந்து பாதுகாப்பான தாய்மைக்கான உலக முயற்சி தொடங்கியது. சரி, தாய்க்கு ஒரு திட்டம் வந்தது, குழந்தைக்கு ஏற்கனவே ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் விழுந்தது பிறந்த குழந்தை.

இதற்குத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 1990களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை முறையை உருவாக்கின. நல்ல முறை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் அதன் முதல் வடிவம் ஒரு வாரம் நிறைந்த குழந்தையிலிருந்துதான் தொடங்கியது. மிக அதிகமான மரணங்கள் நடக்கும் முதல் ஏழு நாட்கள் அதில் இல்லை. பிறகு அது திருத்தப்பட்டது. தாய், பச்சிளங்குழந்தை, குழந்தை மூன்றையும் ஒரே தொடராகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் உலக அளவில் வலுப்பெற்றது 2005க்குப் பிறகுதான்.

கர்ப்பகாலத்தில் தாய்க்குச் செய்யும் பரிசோதனை குழந்தையை எப்படிக் காப்பாற்றும்?

ஒருங்கிணைப்பின் பலன் மிக நேரடியாகத் தெரிவது இங்கேதான். சிபிலிஸ் என்ற பால்வினை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு எளிய ரத்தப் பரிசோதனை போதும், குணப்படுத்த பென்சிலின் ஊசி இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். எச்.ஐ.வி.யும் அப்படியே. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

ஹெபடைடிஸ் பி கிருமி இன்னொரு உதாரணம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 95 சதவீதக் குழந்தைகளுக்கு அது உடலில் நிரந்தரமாகத் தங்கி, பின்னாளில் ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ மாறக்கூடும். இதைத் தடுக்கும் முதல் தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாயின் ரத்தப் பரிசோதனை முடிவு கர்ப்பகால அட்டையிலேயே இருந்து, பிரசவ அறையில் இருப்பவர் அதைப் பார்க்கவே இல்லை என்றால் அந்த 24 மணி நேரம் கைநழுவிப் போகும். பரிசோதனை நடந்தது, தடுப்பூசியும் கையிருப்பில் இருந்தது, ஆனாலும் குழந்தைக்குத் தொற்றிவிட்டது என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இவை தவிர, கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமிலம், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, ரத்த அழுத்தம் பார்ப்பது, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எல்லாமே இருவருக்குமானவை. கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவத் தொடர்பு இருக்க வேண்டும், முதலாவது 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்று 2016லிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பிரசவ அறையில் என்ன மாற வேண்டும்?

பிறந்தவுடன் குழந்தையை வேறு மேசைக்கு, வேறு அறைக்குக் கொண்டுபோகும் பழக்கம் மாற வேண்டும். நன்றாக அழுது மூச்சு விடும் குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் தோலோடு தோல் ஒட்டப் படுக்க வைக்க வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் கிடைக்கும், பின்னால் இரும்புச்சத்துக் குறைவு வருவது குறையும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப் போடலாம்.

குழந்தை மார்பைச் சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது கருப்பை சுருங்கத் துணை செய்கிறது. ரத்தப்போக்குக்கான மருந்துக்கு இது மாற்று ஆகாது. ஆனால் உடம்பே இவர்களைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் தனியாக வைத்துத்தானே ஆக வேண்டும்?

நீண்ட காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். தாய் ஒரு வார்டில், குழந்தை இன்குபேட்டரில், நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்.

1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், போதிய இன்குபேட்டர்கள் இல்லாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு நிமிர்த்திக் கட்டி வைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. முதலில் குழந்தையின் நிலை சீரான பிறகே இதைச் செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது. அதையும் கேள்விக்கு உள்ளாக்கியது 2021ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார்கள். முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அதாவது கால் பங்கு குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

இந்த ஆய்வுக்காக அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்மார்களுக்குக் கட்டில் போட்டார்கள். மகப்பேற்றுக் குழு அந்த அறைக்கு வந்து தாயைக் கவனித்தது. தாயைப் பார்க்க ஒரு குழு, குழந்தையைப் பார்க்க ஒரு குழு, கட்டில் மட்டும் ஒன்று. ஒருங்கிணைப்புக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. 2022லிருந்து உலக சுகாதார நிறுவனமும் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு முடிந்தவரை பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கப் பரிந்துரைக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை முறை பார்க்க வேண்டும்?

சிக்கல் இல்லாத சுகப்பிரசவம் என்றாலும் குறைந்தது 24 மணி நேரமாவது தாயும் சேயும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை. 2022ல் வந்த உலக வழிகாட்டுதல் இது. மூன்று சந்திப்பிலும் இருவரையும் பார்க்க வேண்டும்.

இதில் அடிக்கடி விடுபடுவது இரண்டாம், மூன்றாம் நாள் சந்திப்பு. பால் கட்டுவது, மஞ்சள் காமாலை கூடுவது, தாயின் ரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் வருகிற சமயமும் அதுதான். மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள் வீட்டுக்கு ஒரு செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ வரலாம். வீட்டுக்கே போய்ப் பார்ப்பதால் உயிர்கள் பிழைக்கும் என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி கிராமங்களில் அபய் பங், ராணி பங் தம்பதியின் குழு செய்த பணி 1999லேயே காட்டியது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது.

குழந்தையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தாயிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். பிரசவமாகி நான்காம் நாள் அவளுக்குக் கடுமையான தலைவலி. தூக்கம் இல்லை, அதனால்தான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. குழந்தைக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதே என்று மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது, குழந்தைப் பிரிவில் இருந்த ஒரு செவிலியர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். அளவு மிக அதிகம். உடனே சேர்த்துவிட்டார்கள். கர்ப்பம் முழுவதும் அவளுக்கு ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்தது. பிரசவத்துக்குப் பிறகும் அது புதிதாக வரும் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் செவிலியர் 'இது என் வேலை இல்லை' என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

தாய்க்கு இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்: ஒரு மணி நேரத்தில் துணி அல்லது நாப்கின் நனைந்துபோகும் அளவுக்கு ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, வலிப்பு, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் இந்த அறிகுறிகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை. அந்த வாரங்களில்தான் குழந்தையின் தடுப்பூசிக்கு வருகிறார்கள். அங்கேயே நினைவூட்டினால் எவ்வளவு எளிது!

குழந்தையிடம் எந்த அறிகுறி தெரிந்தால் உடனே போக வேண்டும்?

பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால்: பால் குடிக்க மறுப்பது அல்லது குடிப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே போவது, உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருப்பது, 35.5க்குக் கீழே குளிர்ந்து போவது, தொட்டாலும் அசையாமல் துவண்டு கிடப்பது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், எந்த நாளில் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

குளிர்ந்து போவதைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பச்சிளங்குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு.

பேறுகால மனச்சோர்வையும் இதில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முதல் ஓரிரு வாரத்தில் வந்து போகும் அழுகை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராவிட்டால், 'நான் இல்லாமலே குழந்தை நன்றாக இருக்கும்' என்ற எண்ணம் எழுந்தால் அது நோய். சிகிச்சை உண்டு, குணமாகும். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே தனியாக விடாமல் அவசர உதவிக்குப் போக வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்ட எடின்பரோ கேள்வித்தாள் 1987லிருந்து இருக்கிறது. பத்தே கேள்விகள். தடுப்பூசிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம்.

குழந்தை மருத்துவத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. மனம் சோர்ந்த தாய்க்குப் பாலூட்டுவது, குழந்தையோடு பேசி விளையாடுவது, தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது எல்லாமே மலையாகிவிடும். எடை ஏறவில்லை என்று வந்த குழந்தைக்குச் சத்து மருந்து எழுதிக் கொடுப்பவர், குழந்தையின் தாயைப் பார்க்காமல் எழுதினால் பாதி நோயைத்தான் பார்த்திருக்கிறார்.

அடுத்த குழந்தைக்கான இடைவெளி பற்றி எப்போது பேசுவது?

கர்ப்பத்திலேயே ஒருமுறை, பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் ஒருமுறை, ஆறாவது வாரத் தடுப்பூசியின்போது ஒருமுறை. ஒரு குழந்தை பிறந்து அடுத்துக் கருத்தரிப்பதற்குள் குறைந்தது 24 மாத இடைவெளி இருப்பது தாய்க்கும் நல்லது, இரண்டு குழந்தைகளுக்கும் நல்லது.

தாய்ப்பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது நிபந்தனைகளோடு மட்டுமே உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதம் பலன் உண்டு. ஒன்று தவறினாலும் வேறு முறைக்கு மாற வேண்டும். எந்த முறை என்பது அந்தப் பெண்ணின் முடிவு. இணைத்துப் பேசுவது என்ற பெயரில் பிரசவ வலியில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

சளி, வயிற்றுப்போக்கு என்று வரும் குழந்தைக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன ஒருங்கிணைந்த சிகிச்சை முறையின் சாரமே இதுதான்: எந்தப் புகாரோடு வந்தாலும் குழந்தையை முழுதாகப் பார். இருமல் என்று வந்தால் மூச்சை எண்ண வேண்டும். 2 முதல் 12 மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, இந்த அளவைத் தொட்டாலே நிமோனியா சந்தேகம். அதோடு நிறுத்தாமல் எடை, கையின் சுற்றளவு, ரத்தசோகை, தடுப்பூசி பாக்கி, என்ன சாப்பிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கடுமையான சத்துக்குறைவு. ஒரு சாதாரண அளவு நாடாவில் தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் போதுமா?

போதாது. ஒரே கட்டடத்தில் மூன்று பிரிவுகள் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதும் உண்டு, தூரத் தூர இருக்கும் இடங்கள் நன்றாக இணைந்திருப்பதும் உண்டு. முக்கியம் பதிவேடு. ஜப்பான் 1948லேயே தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே கையேடு கொடுத்தது. கர்ப்பம் உறுதியானதிலிருந்து குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சி வரை அதில் இருக்கும். அது தாயின் கையில் இருக்கும். அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். பல நாடுகள் இந்த யோசனையைப் பின்பற்றியிருக்கின்றன.

கணினிப் பதிவு வந்தாலும் அந்தப் புத்தகம் தாயின் கையில் இருப்பது நல்லது என்பது என் கருத்து. நடுராத்திரியில் வேறு ஊர் மருத்துவமனைக்கு ஓடும்போது உதவுவது அதுதான்.

செவிலியர்களுக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை. இதுவும் சேர்ந்தால்?

நியாயமான கேள்வி. பணியாளர்களைக் கூட்டாமல், நேரம் கொடுக்காமல், 'இனி இதையும் செய்யுங்கள்' என்று இன்னொரு பதிவேட்டை நீட்டினால் எதுவும் உருப்படியாக நடக்காது. தடுப்பூசி வேலையும் கெடும். ஆகவே ஒருங்கிணைப்பின் முதல் வேலை குறைப்பதாக இருக்க வேண்டும். ஒரே தகவலை நான்கு பதிவேட்டில் எழுதுவதை நிறுத்தினால் அந்த நேரத்தில் ஒரு தாயின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதும் இல்லை. ஆறாவது வாரத்தில் தாயிடம் நான்கு விஷயம்: ரத்த அழுத்தம், காயம், மனம், கருத்தடை. அதைத் தாண்டி எது வந்தாலும் யாரிடம் அனுப்புவது என்று அந்தச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பும் இடத்தில் ஆளும் இருக்க வேண்டும்.

குழந்தை இறந்து பிறந்தால் இந்த அமைப்பு என்ன செய்கிறது?

பெரும்பாலான இடங்களில் எதுவும் செய்வதில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறக்கின்றன. குழந்தையின் தடுப்பூசியை ஒட்டித் தாயைப் பார்க்கும் ஏற்பாட்டில், குழந்தை இல்லாத தாய் வருவதற்கு ஒரு நாளே கிடையாது. அவருக்கும் ரத்தப்போக்கு வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். பால் கட்டி மார்பு வலிக்கும், அதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுகைக்கும் இடம் இல்லை.

அவர் பிரசவ வார்டில் மற்றக் குழந்தைகளின் அழுகைக்கு நடுவே படுக்காமல் தனி இடம் கொடுப்பது, விரும்பினால் தன் குழந்தையைப் பார்க்கவும் ஏந்தவும் விடுவது, காரணத்தைக் கண்டறிந்து சொல்வது, முதல் வாரத்திலேயே ஒருவர் தேடிப் போய்ப் பார்ப்பது, அடுத்த கர்ப்பத்தில் அந்த வரலாறு அட்டையின் முதல் பக்கத்தில் இருப்பது. இவை இல்லாத எதையும் ஒருங்கிணைந்த கவனிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மருத்துவமனையில் இப்படி எந்த ஏற்பாடும் இல்லை. குடும்பமாக நாங்கள் என்ன செய்யலாம்?

நிறைய செய்யலாம். கர்ப்பகால அட்டை, பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, தாய், சேய் யாருக்காகப் போனாலும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி முடிவுகள், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை மேல் தாளில் பெரிதாக எழுதி வைத்தால் அவசரத்தில் தேட வேண்டாம்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். இருவரையும் அடுத்து எந்தத் தேதியில் யார் பார்ப்பார்கள்? எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது? ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிடுவது?

குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும்போது கணவரோ, பாட்டியோ, யாராவது ஒருவர் கூடப் போங்கள். குழந்தையை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். கை காலியான அந்த ஐந்து நிமிடத்தில் தாய் செவிலியரிடம், "எனக்கும் பி.பி. பார்த்துவிடுங்கள்" என்று கேட்கலாம். தயங்கினால் கூட வந்தவர் அவருக்காகக் கேட்கலாம்.